மிலோஸ்ல காத்துக்கு ஒதுங்குன எட்டு நாள்

நம்ம ஊர்ல பீச்சுக்கு எதுக்குப் போறோம், காத்து வாங்கத்தானே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வெயில் தாழ்ந்ததும் போய் மணல்ல உக்காந்து, சுண்டல் வாங்கித் தின்னுட்டு, கணுக்கால் வரைக்கும் தண்ணியில நின்னுட்டு, இருட்டினதும் வீட்டுக்கு வந்துடுவோம். என் அம்மா பொறந்து வளர்ந்தது நாகப்பட்டினம், காத்து இல்லாத பீச்சை அவங்க பீச்சுன்னே ஒத்துக்க மாட்டாங்க. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்த பழக்கத்தோடயே ஜெர்மனியில இருந்து கிளம்பி, ஆகஸ்ட் முதல் வாரம் கிரீஸ்ல மிலோஸ் தீவுக்குப் போனோம், நான், வீட்டுக்காரர், ஏழு வயசு பாப்பா, லீவுக்கு எங்ககூட வந்து தங்கியிருந்த அம்மா, நாலு பேர். முதல் ரெண்டு நாள் முழுக்க வீணாப் போச்சு. கிரீஸ்ல பீச் தேடுறதுன்னா காத்து இல்லாத பக்கத்தைத் தேடுறதுன்னு எனக்கு யாரும் சொல்லல, அதான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன்.

போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன். மிலோஸ்ல எழுபது பீச்சுக்கு மேல இருக்குன்னு சொல்றாங்க, தீவோட மொத்தப் பரப்பே சுமார் 150 சதுர கி.மீ. தான். எரிமலையால உருவான தீவு, அதனால ஒவ்வொரு பீச்சுக்கும் ஒவ்வொரு நிறம். ஒண்ணு பால் வெள்ளை, ஒண்ணு செங்கல் சிவப்பு, ஒண்ணு கந்தக மஞ்சள். போட்டோ பாத்துப் பாத்து திங்கக்கிழமை இது, செவ்வாய்க்கிழமை அதுன்னு எட்டு நாளைக்கும் பிரிச்சு எழுதிட்டேன். லிஸ்ட்ல முதல் பேரு சரகினிக்கோ. இணையத்துல மிலோஸ்னு தேடினா முதல்ல வர்றதும் அதுதான், நிலா மேல நடக்கற மாதிரி வெள்ளைப் பாறை, நடுவுல குறுகலா ஒரு நீலத் தண்ணி.

போய் இறங்கின மறுநாள் காலையில வானம் சுத்தமா நீலம், ஒரு மேகம் கூட இல்ல. இதைவிட நல்ல நாள் கிடைக்குமான்னு சந்தோஷமா கிளம்பினோம். சரகினிக்கோ இருக்கறது தீவோட வடக்குக் கரையில. கார்ல இருந்து இறங்கறப்பவே கதவைத் திறக்க முடியல, காத்து வெளியில இருந்து தள்ளுது. பாறை மேல நடந்து போய்ப் பாத்தா, அந்த போட்டோவுல கண்ணாடி மாதிரி இருந்த சந்துக்குள்ள அலை வந்து அடிச்சு நுரையா ரெண்டு பக்கச் சுவரு மேலயும் ஏறுது. பாப்பா நீச்சல் டிரெஸ் போட்டு ரெடியா நிக்கிறா, உள்ள இறக்கவே முடியாது. நிழல்னு அங்க ஒண்ணுமே கிடையாது, வெள்ளைப் பாறை வெயிலை அப்படியே முகத்துல திருப்பி அடிக்குது. அம்மா முட்டி வலிக்காரங்க, அந்த மேடு பள்ளத்துல ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு இருபது அடி நடந்ததும் ஒரு இடத்துல உக்காந்துட்டாங்க, முந்தானையை தலையில இழுத்துப் போத்திக்கிட்டு. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாங்கல்ல, இங்கயும் ஆடிதான் நடக்குது போல"ன்னு சொன்னாங்க. அப்ப நான் அதைக் காதுல வாங்கிக்கவே இல்ல, மறுபடி யோசிச்சா அந்த ஒரு வரியிலதான் எல்லாமே இருந்திருக்கு.

அடுத்த நாள் இன்னும் மோசம். பாப்பாவுக்கு ஆழம் இல்லாத தண்ணி வேணும், மணல் வேணும்னு அகிவாதோலிம்னி போனோம். மிலோஸ் தீவு மேப்ல பாத்தா குதிரை லாடம் மாதிரி இருக்கும், நடுவுல பெரிய வளைகுடா, அந்த வளைகுடாவோட தெற்குப் பக்கம் நீளமா இருக்கற மணல் பீச் இது. வளைகுடாவுக்கு உள்ளதானே, அலை இருக்காதுன்னு நினைச்சேன். வளைகுடா வாய் வடமேற்குப் பக்கம் திறந்திருக்கு, அந்த பீச் வடக்கைப் பாத்துக்கிட்டு இருக்கு, காத்து அவ்வளவு தூரம் தண்ணி மேல ஓடி வந்து நேரா நம்ம மூஞ்சியில மோதுது. மணல் ஊசி ஊசியா காலு மேல குத்துச்சு, நாங்க வாங்கிட்டுப் போன குடை பிடுங்கிட்டு முப்பது அடி உருண்டு போச்சு, அம்மா கண்ணுல மணல் விழுந்து சிவந்து போய் அன்னைக்கு முழுக்க ரூம்லதான் இருந்தாங்க. கொஞ்ச தூரத்துல விண்ட்சர்ஃபிங் பண்றவங்க பாய் விரிச்சு சந்தோஷமா போயிட்டு இருந்தாங்க. விண்ட்சர்ஃபிங் பலகைங்க நிறைய தெரியுதுன்னா அது குழந்தைங்க குளிக்கற இடம் இல்லன்னு இப்ப எனக்குத் தெரியும்.

அன்னைக்கு சாயங்காலம் நாங்க தங்கியிருந்த வீட்டோட ஓனர் பாட்டி, அம்மாவோட கண்ணைப் பாத்துட்டு கைஜாடையிலயும் கொஞ்சம் இங்கிலீஷ்லயும் எங்க போனீங்கன்னு கேட்டாங்க. சொன்னதும் தலையை மேல தூக்கி நாக்கை 'ச்சு'ன்னு தட்டினாங்க, அங்க இல்லைன்னு சொல்றது அப்படித்தான். மொட்டை மாடிக்கு கூட்டிட்டுப் போய், துறைமுகத்துல பறக்கற கொடியைக் காட்டி "வொரியாஸ், வொரியாஸ்"னாங்க. வடக்குக் காத்து. அப்புறம் கையை அப்படியே திருப்பி தெற்கு மலையைக் காட்டி, அதுக்கு அந்தப் பக்கம் போங்கன்னாங்க. அவ்வளவுதான் பாடம். வடக்குக் காத்தா, தெற்குக் கரைக்குப் போ. தெற்குக் காத்தா, வடக்குக் கரைக்குப் போ. காத்தே இல்லையா, எங்க வேணா போ. மழைக்கு ஒரு கடை வாசல்ல ஒதுங்கற மாதிரி, அந்த ஊர்க்காரங்க தினமும் காத்துக்கு ஒதுங்கறாங்க.

இந்த காத்துக்கு மெல்தேமின்னு பேரு. கோடை காலத்துல பால்கன் பக்கம் காத்தழுத்தம் அதிகமா இருக்கும், துருக்கி பக்கம் நிலம் சூடாகி அழுத்தம் குறைஞ்சு கிடக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஏஜியன் கடல் வழியா காத்து வடக்குல இருந்து கீழ இறங்கி ஓடும். ஜூலை, ஆகஸ்ட்ல உச்சம், செப்டம்பர்ல கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். பழைய கிரேக்கர்கள் இதை எதேசியான்னு சொல்லியிருக்காங்க, வருஷா வருஷம் வர்ற காத்துன்னு அர்த்தம். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல வேகம் ஏறி ராத்திரி தணியும், சில சமயம் நாலஞ்சு நாள் விடாமயும் அடிக்கும். எனக்கு சறுக்கினது எங்கன்னா, இந்தக் காத்து மேகத்தோட வராது. நமக்கு காத்து பலமா அடிச்சா வானம் இருட்டும், மழை வாசனை வரும். இங்க பளிச்சுன்னு வெயில் அடிச்சுக்கிட்டே அடிக்குது. ஜன்னல் வழியா பாத்தா ஒண்ணுமே தெரியாது. அம்மா இதைக் கேட்டுட்டு, "வடக்குல இருந்து வந்தா வாடைதானே, வாடை மார்கழியிலதானே வரணும், இங்க என்னடி ஆடியில வருது"ன்னு ரொம்ப நேரம் அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அங்க எல்லாரும் காத்தை பொஃபோர்ங்கற காத்து வேக அளவுகோல்லதான் பேசறாங்க, டீக்கடையில கூட "இன்னைக்கு எத்தனை பொஃபோர்"னு கேக்கறாங்க. 3 வரைக்கும் எந்தப் பக்கமும் பரவாயில்ல. 4, 5 ஆச்சுன்னா காத்து படுற கரையில குழந்தைங்களை இறக்கறது கஷ்டம். 6ன்னா மணிக்கு 39ல இருந்து 49 கி.மீ. வேகம், எங்க முதல் நாள் அதுதான். அதுக்கும் மேல போனா கப்பலையே நிறுத்தி வச்சுடுவாங்க, அதனால திரும்பி வர்ற ஃபிளைட்டுக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துடற மாதிரி பிளான் பண்ணிக்கறது நல்லது. விண்டி ஆப்ல மணிக்கு மணி திசையும் வேகமும் வரும், காலையில காபி குடிக்கறப்ப அதைப் பாத்துட்டு அப்புறம் பீச்சை முடிவு பண்ணோம். என் லிஸ்ட்டை அப்பவே மடிச்சு பைக்குள்ள போட்டுட்டேன்.

மூணாம் நாள் மலையைத் தாண்டி தெற்குப் பக்கம் போனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா பாதி வழியில கார் ஆடறது நின்னுடுச்சு. அதே தீவு, அதே காலை பத்து மணி, இருபது நிமிஷ தூரம், தண்ணி மடிப்பே இல்லாம கிடக்குது. அது ப்ரொவதாஸ்னு ஒரு பீச், மணல் கரை, ரொம்ப தூரம் நடந்தாலும் பாப்பாவுக்கு இடுப்பளவுதான் தண்ணி. பெரிசா யாரும் போட்டோ போடற இடம் இல்ல. பாப்பா அன்னைக்கு மூணு மணி நேரம் தண்ணியை விட்டு வெளிய வரல.

தெற்குக் கரையில இருக்கற எல்லா பீச்சும் எல்லாருக்கும் ஆகாது, அதையும் சொல்லணும். ஃபிரிப்லாக்கா அழகுன்னா அப்படி ஒரு அழகு, பின்னாடி சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமா உயரமான பாறைச் சுவரு, தண்ணி ஓரத்துல தனியா நிக்கற பெரிய பாறை. கொஞ்சம் சரிவுல இறங்கணும், அம்மாவை மெதுவா கூட்டிட்டுப் போயிட்டோம். அதுக்குப் பக்கத்துலயே த்சிக்ராதோன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு பாறைப் பிளவுக்குள்ள கயிறைப் பிடிச்சுக்கிட்டு, செங்குத்தா நிக்கற ஏணியில இறங்கணும். வீட்டுக்காரர் மட்டும் இறங்கிப் போய் பாத்துட்டு வந்தாரு, கீழ சொர்க்கம்னாரு. ஏறி வர்றவங்களுக்கும் இறங்கறவங்களுக்கும் ஒரே ஏணிங்கறதால மேல வரிசை நிக்குது, பாப்பாவை தூக்கிட்டு இறங்க எனக்கு மனசு வரல. ஒரு பீச் நல்லா இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி எப்படி இறங்கணும்னு கேக்கணும். போட்டோவுல இறங்கற வழி தெரியவே தெரியாது.

மேற்குப் பக்கம் நாங்க போகவே இல்ல. கார் வாடகைக்குக் கொடுத்தவங்க மேப்ல பேனாவால வட்டம் போட்டு, இந்த மண் ரோட்டுல போனா இன்சூரன்ஸ் கிடையாதுன்னு சொல்லித்தான் சாவியே கொடுத்தாங்க. அந்தப் பக்கம் மிலோஸ் விரியன் பாம்பு இருக்கற காட்டுப் பகுதி, உலகத்துல மிலோஸ்லயும் அதைச் சுத்தி இருக்கற சில தீவுகள்லயும் மட்டும்தான் இருக்கற இனம், அதோட இடத்தை அதுக்கே விட்டுடறதுதான் நியாயம்னு எனக்குத் தோணுச்சு. தென்மேற்கு மூலையில க்ளெஃப்திக்கோன்னு கடல் குகைங்க இருக்கு, ஒரு காலத்துல கடல் கொள்ளைக்காரங்க ஒளிஞ்சிருந்த இடம்னு சொல்றாங்க, அதாமாஸ் துறைமுகத்துல இருந்து போட்ல போகலாம். எங்களுக்கு புக் பண்ண நாள்ல காத்துன்னு கேன்சல் ஆச்சு. போட் டிரிப்பை கடைசி நாளுக்கு வைக்காம முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள புக் பண்ணுங்க, தள்ளிப் போனாலும் வேற நாள் கையில இருக்கும்.

இப்ப பலியோகோரி பத்தி எழுதணும், எனக்கு மிலோஸ்னாலே இனிமே அதுதான். தெற்குக் கரையில கொஞ்சம் கிழக்கால இருக்கு. கூழாங்கல்லும் மணலும் கலந்த கரை, பின்னாடி மலை ஊதா, சிவப்பு, மஞ்சள்னு பட்டை பட்டையா. எரிமலைச் சூடு இன்னும் அடியில இருக்கறதால சில இடத்துல மணலைத் தோண்டினா கை வைக்க முடியாத சூடு, தண்ணிக்கு அடியில இருந்து குமிழ் குமிழா வாயு வருது. அங்க ஒரு சாப்பாட்டுக் கடையில மண்பானையை மூடி மணலுக்குள்ள புதைச்சு வச்சே சமைக்கறாங்க. முக்கியமா கார் நிறுத்தற இடத்துல இருந்து கடல் வரைக்கும் கிட்டத்தட்ட சமதளம், கடையோட நிழல் பக்கத்துலயே, பாத்ரூம் இருக்கு. அறுபத்தெட்டு வயசு முட்டி வலிக்காரங்களை கூட்டிட்டுப் போறவங்களுக்கு இந்த மூணும் எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். பீச்சோட ஒரு கோடியில துணி இல்லாம குளிக்கறவங்க இருப்பாங்க, அது அங்க சகஜம், நாங்க கடை இருக்கற பக்கம் உக்காந்தோம்.

அம்மாவுக்கு குளிக்கற டிரெஸ் கிடையாது, வேணாம்னுட்டாங்க. பழைய காட்டன் சுடிதாரோட இறங்கினாங்க. ஒருத்தர் கூட திரும்பிப் பாக்கல, பக்கத்துல ஒரு கிரேக்கப் பாட்டி பெரிய தொப்பியோட கழுத்தளவு தண்ணியில நின்னு இன்னொரு பாட்டிகிட்ட கதை பேசிக்கிட்டு இருந்தாங்க. ஒரு இடத்துல கால்ல வெதுவெதுன்னு தண்ணி பட்டதும் அம்மா அங்கயே நின்னுட்டாங்க. நாகப்பட்டினத்துல கடல் பக்கத்துலயே பதினெட்டு வருஷம் இருந்தவங்க, இடுப்புக்கு மேல கடல்ல இறங்கினது அதுதான் வாழ்க்கையில முதல் தடவை. நம்ம கரையில அலை இழுக்கும், பொம்பளைங்க ஓரத்துல நின்னு காலை நனைச்சுட்டு வர்றதுதான் வழக்கம். "இந்தக் கடல் சும்மா நிக்குதுடி, குளம் மாதிரி"ன்னாங்க. நாங்க எட்டு நாள்ல மூணு நாள் அங்கதான் போனோம், அம்மா கேட்டதால.

நிழல் விஷயம். இந்தத் தீவுகள்ல பெரும்பாலான பீச்சுல மரம் இருக்காது. இருந்தா அது பெரும்பாலும் அல்மிரிக்கி மரமா இருக்கும், தூரத்துல பாத்தா நம்ம சவுக்கு மாதிரி மெல்லிசா இலை, உப்புக் காத்துலயும் நிக்கும், அடிமரத்துக்கு சுண்ணாம்பு அடிச்சு வச்சிருப்பாங்க. அதாமாஸ் பக்கத்துல பபிகினூ, வடகிழக்குல பொலோனியா, ரெண்டு இடத்துலயும் கரையோரம் இந்த மரம் இருக்கு. காலையில சீக்கிரம் போனா மரத்தடியில இடம் கிடைக்கும், காசு கிடையாது.

இல்லன்னா குடையும் படுக்கையும் வாடகைக்கு எடுக்கணும், பேர் போன பீச்சுல முன் வரிசைக்கு நல்ல விலை சொல்றாங்க. ஆனா கிரீஸ்ல கடற்கரை பொதுச் சொத்து, நம்ம துண்டை விரிச்சு உக்கார நமக்கு உரிமை இருக்கு. 2023 கோடையில பாரோஸ்னு இன்னொரு தீவுல, படுக்கைங்க கரை முழுக்க அடைச்சுக்கிட்டதை எதிர்த்து அந்த ஊர் ஜனங்க துண்டோட வந்து போராட்டம் பண்ணாங்க, துண்டு இயக்கம்னே அதுக்குப் பேரு வந்துச்சு, மத்த தீவுகளுக்கும் பரவுச்சு. அடுத்த வருஷம் 2024ல சட்டம் வந்துச்சு, பீச்சுல பாதி இடத்தையாவது காலியா விடணும், தண்ணியில இருந்து நாலு மீட்டருக்குள்ள படுக்கை போடக்கூடாது, மீறினா ஜனங்களே புகார் பண்ண மைகோஸ்ட்னு ஒரு ஆப். மிலோஸ்லயும் 2025 தொடக்கத்துல சரகினிக்கோ பக்கத்துல ஹோட்டல் கட்ட ஆரம்பிச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் வேலை நின்னுச்சு. கடலை தன்னோடதுன்னு நினைக்கற ஜனங்க இருக்கற ஊரு. எனக்கு இதைப் படிச்சப்ப மனசுக்கு அவ்வளவு நிறைவா இருந்துச்சு.

வேற தீவுக்குப் போறவங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதையும் கொஞ்சம். காத்து கணக்கு ஏஜியன் தீவு எல்லாத்துக்கும் பொருந்தும். மைக்கோனோஸ்ல பேர் போன பீச் பெரும்பாலும் தெற்குக் கரையில இருக்கறதுக்கு காரணமே இந்தக் காத்துதான். நாக்ஸோஸ்ல மிக்ரி விக்லான்னு ஒரு முனை இருக்கு, அதோட வடக்குப் பக்கம் கைட்சர்ஃபிங், தெற்குப் பக்கம் போனா காத்து குறைஞ்சுடும். ரோட்ஸ்ல மேற்குக் கரை காத்து, கிழக்குக் கரை அமைதி. கிரீட் மட்டும் வேற மாதிரி, 260 கி.மீ. நீளம், காலையில எந்திரிச்சு கரை மாத்தறதெல்லாம் நடக்காது, ரூம் புக் பண்றப்பவே எந்தப் பக்கம்னு முடிவு பண்ணணும், தெற்குக் கரையிலயும் சில இடத்துல மலைச் சந்து வழியா காத்து பலமா இறங்கும். சான்டோரினியில மணல் பெரும்பாலும் கருப்பு, மத்தியானம் செருப்பு இல்லாம நடக்கவே முடியாது. எந்தத் தீவா இருந்தாலும் தண்ணிக்குள்ள போட்டுக்கற ரப்பர் செருப்பு ஒண்ணு வாங்கிக்கோங்க, பாறையில கருப்பு முள்ளுப் பந்து மாதிரி ஒரு ஜீவன் ஒட்டிக்கிட்டு இருக்கும், மிதிச்சா முள்ளு உள்ளயே உடைஞ்சுடும். தேதி உங்க கையில இருந்தா செப்டம்பர் போங்க, காத்து அடங்கியிருக்கும், தண்ணி சூடு மட்டும் ஆகஸ்ட்ல இருந்த மாதிரியே இருக்கும். எங்களுக்கு ஸ்கூல் லீவு ஆகஸ்ட்லதான், வேற வழி இல்ல.

ஏழாம் நாள் காலையில ஆறு மணிக்கு கதவு தட்டற சத்தம். ஓனர் பாட்டி. துறைமுகக் கொடியைக் காட்டறாங்க, அது கம்பத்தோட ஒட்டிக்கிட்டு தொங்குது. "புனாத்சா"ன்னாங்க, கடல் அசையாம கிடக்கற நாளுக்கு அவங்க சொல்ற வார்த்தை. வேற எதுவும் சொல்லல, நாங்களும் கேக்கல, பாப்பாவை தூக்கத்தோடயே கார்ல படுக்க வச்சு வடக்குப் பக்கம் கிளம்பிட்டோம்.

ஏழு மணிக்கு சரகினிக்கோல மொத்தமே ஒரு ஏழெட்டு பேர். வெயில் இன்னும் ஏறாததால பாறை கண்ணைக் குத்தல, லேசா ரோஸ் நிறத்துல இருந்துச்சு. அன்னைக்கு நுரையா ஏறின அந்தச் சந்துல தண்ணி அடிமணல் வரைக்கும் தெரியுது. அம்மாவை சந்தோட வாய்க்கு மேல சமமா இருந்த ஒரு பாறையில உக்கார வச்சோம், ஃபிளாஸ்க்ல காபி. பாப்பா ஓரத்துல ரொம்ப நேரம் நின்னு உள்ள பாத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் அவங்க அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கினா, கொஞ்ச நேரத்துல கையை விட்டுட்டு தனியா நீந்தினா, அவ நிழல் கீழ மணல்ல கூடவே போச்சு. அம்மா மேல இருந்து அந்த நிழலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஒன்பதரைக்கு மேல கார் வர ஆரம்பிச்சுது. பத்து மணிக்கு அம்மாவோட முந்தானை லேசா அசைஞ்சுது, அவங்கதான் முதல்ல கவனிச்சாங்க. ஃபிளாஸ்க்கை மூடி எடுத்துக்கிட்டு கிளம்பினோம்.